முறைப்பாடு காட்டிக்கொடுப்பன்று

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவைத் தாண்டியதும் வருகின்ற எங்கள் உடையார்கட்டில், க.பொ.த உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகி, வெட்டுப்புள்ளியும் அறிவிக்கப்பட்டு, இன்னாருடைய பிள்ளை சர்வகலாசாலைக்கு எடுபட்டுவிட்டது என்ற செய்தி உறுதியாகின்ற நாளானது, அந்த ஒரு வீட்டின் விசேஷமாக அன்றி ஊர் முழுவதற்கும் உரிய விசேஷமாகவே கொள்ளப்படுகின்றது. கச்சான் விற்ற காசிலே டியூஷன் பணம் கட்டிய தாயும், வீதியோரத்தில் வாழ்த்துப் பதாகை கட்டுகின்ற இளைஞரும், அந்தப் பிள்ளைக்கு ஆனா எழுதப் பழக்கிய ஆசிரியையும் அன்று ஒரே குடும்பத்தினர் போலாகிவிடுகின்றனர். 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டு, அவ்வறிவிப்பை நம்பி வந்து குழுமிய ஜனங்கள் செத்து வீழ்ந்த மண் இது. அந்நாளில் தாயின் இடுப்பிலும் தந்தையின் தோளிலுமாகச் சுமந்து செல்லப்பட்ட குழந்தைகளே இன்று சர்வகலாசாலை வாயிலை மிதிக்கின்ற வயதினராக வளர்ந்து நிற்கின்றனர் என்பதை நினைக்குங்கால், இவர்களுள் ஒருவருக்கேனும் அவ்வாயிலுக்கு உள்ளே நேர்கின்ற அவமானம் எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய துக்கமாக இருக்குமென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அப்படி எடுபட்டுச் சென்ற பிள்ளைகளுள் ஒருவனை, அவன் புறப்பட்ட மூன்றாம் வாரத்தின் முடிவில், அவனுடைய தாயார் வந்து அழைத்ததன்பேரில் பார்க்கச் சென்றிருந்தேன். "சேர், வந்த நேரம் துவக்கம் பெடியன் ஒண்டும் கதைக்கிறான் இல்லை. நீங்கள் படிப்பிச்ச பிள்ளை, ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்று படலையடியிலேயே நின்று அவர் சொன்னார். உள்ளே அவன் பாயில் உட்கார்ந்து சோற்றுக் கோப்பையை மடியில் வைத்திருந்தான். உச்சிவெயிலின் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை பூட்டியிருந்தான். கேட்டதற்கெல்லாம் "ஓம் சேர்", "இல்லை சேர்" என்ற இரண்டே விடைகள். அப்போது அவனுடைய கைத்தொலைபேசி ஒலித்தது. கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, எச்சில் கையைக் கழுவவும் நேரமில்லாமல், அவன் எழுந்து நின்றான், இடக்கையால் தொலைபேசியைக் காதில் வைத்து, வலக்கையை முதுகின் பின்னே மடக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு, குனிந்த தலையோடு "ஓம் அண்ணா... ஓம் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே நின்றான். அழைத்தவர் எத்தனையோ மைல்களுக்கு அப்பால் இருந்தார். இவன் நிற்கின்றானா இருக்கின்றானா என்பதை அவர் காண வழியில்லை. ஆயினும் இவன் நின்றான். சொந்த வீட்டில், தாயின் முன்னிலையில், சோற்றை விட்டெழுந்து நிற்கச் செய்யுமளவுக்கு ஒரு பயத்தை மூன்று வாரங்களில் ஒரு வாலிபனின் உடலுக்குள் செலுத்திவிட முடிகின்றதென்றால், பகிடிவதை என்ற சொல்லின் முற்பாதியாகிய பகிடிக்கு அங்கே யாதொரு வேலையுமில்லை என்பது எனக்கு அன்று தெளிவாயிற்று.

நெடுநேரம் சென்றபின், "முறைப்பாடு குடுக்கலாந்தானே தம்பி?" என்று நான் கேட்டேன். அவன் சொன்ன மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. "குடுக்கலாம் சேர். ஆனா காட்டிக்குடுத்தவன் எண்ட பேரோடை அங்கை நாலு வருசம் இருக்கேலாது."

காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் வேறு ஊர்களில் ஒரு வசைச்சொல்லாக மட்டும் இருக்கக்கூடும். எங்கள் வன்னியிலோ அச்சொல்லுக்கு இரத்தத்தின் வாடை உண்டு. முகத்தை மூடிய தலையாட்டியின் ஒரே அசைவினால் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்ட காலத்தையும், துரோகி என்ற ஒரு முத்திரையினால் மனிதர் உயிரிழந்த காலத்தையும், எந்தத் தரப்பின் பெயரால் நிகழ்ந்திருந்தாலும், கண்ணாரக் கண்ட பெற்றோரே இந்தப் பிள்ளைகளை வளர்த்தார்கள். "கண்டதைக் கண்டனெண்டு சொல்லாதை, கேட்டதைக் கேட்டனெண்டு சொல்லாதை" என்ற உபதேசத்தைத் தாய்ப்பாலோடு ஊட்டினார்கள். அன்று அவ்வுபதேசம் உயிரைக் காத்தது. அதை நான் குறைகூறத் துணியேன். ஆனால், அன்று உயிரைக் காத்த அதே மௌனம் இன்று அந்த உயிரை வதைப்போனுக்கு அரணாக நிற்கின்றது. சிரேஷ்ட மாணவன் இதனை நன்கறிவான். ஆதலால்தான் அவன் முதல் நாளில் கற்பிக்கின்ற முதற்பாடம், நடந்ததை வெளியே சொல்பவன் காட்டிக்கொடுப்பவன் என்பதாக இருக்கின்றது. எளியோனை வலியோனிடம் ஒப்புவித்துத் தான் நன்மை பெறுவது காட்டிக்கொடுப்பு. எளியோனுக்கு நேர்ந்த தீங்கை, அதனைத் தடுக்கக் கடமைப்பட்டவரிடம் சென்று சொல்வது முறைப்பாடு. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்வன. இந்த வேற்றுமையை விளங்கிக்கொண்ட ஒரு தலைமுறை உருவாகும்வரை, எந்தச் சட்டமும் ஏட்டிலேயே கிடக்கும் என்பதுதான் நான் வற்புறுத்த விரும்புவது.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் பிற வன்செயல்களையும் குற்றமாக்கி, பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள்வரை கடூழியச் சிறையையும், அது பாலியல் துன்புறுத்தலாகவோ கடுங்காயமாகவோ அமையுமிடத்துப் பத்து ஆண்டுகள்வரை சிறையையும் விதித்திருக்கின்றது. அச்சட்டம் எதனால் பிறந்ததென்பதை எங்கள் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு முந்திய ஆண்டாகிய 1997 இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்குச் சென்ற செல்வநாயகம் வரப்பிரகாஷ் என்னும் தமிழ் மாணவர், அளவுகடந்த உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு பலவந்தப்படுத்தப்பட்டு, சிறுநீரகங்கள் செயலிழந்து மாண்டார். உடலை அதன் சக்திக்கு மிஞ்சி வருத்துங்கால் தசைநார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையின் புரதம் குருதியிலே கலந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகுழாய்களை அடைத்துவிடுகின்றது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே ஒரு வாலிபன் இறந்துகொண்டிருக்க முடியும் என்பதை, "ஒரு நூறு தோப்புக்கரணம் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் அறிவதில்லை. அவரை வதைத்தவர்கள் வேற்று மொழியினர் அல்லர். அவருடைய மொழியையே பேசிய சிரேஷ்டர்கள். அந்த உண்மையை எங்கள் சமூகம் இன்றுவரை உரக்கப் பேசியதில்லை.

அதற்கும் முன்னே, 1975 இல், அதே பேராதனையில், எங்கள் பெருந்தலைவர் ஒருவரின் பெயர் தாங்கிய இராமநாதன் விடுதியில், வதைக்கு அஞ்சி இரண்டாம் மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி என்ற விவசாய பீட மாணவி நடமாட்டத்தை இழந்து, 2002 இல் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவ்வாண்டிலேயே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ மாணவர் சமந்த விதானகே, பகிடிவதையை ஒழிப்பது பற்றிப் பேசுவதற்கெனக் கூடிய கூட்டத்திலேயே தாக்கப்பட்டு இறந்தார். 2020 மார்ச்சில், அதே பல்கலைக்கழகத்தில், மேலிருந்து மாடிப்படிகளில் உருட்டிவிடப்பட்ட பெரிய டயரொன்று தலையில் மோதி, முதலாண்டு மாணவர் பசிந்து ஹிருஷான் படுகாயமடைந்தார். பாக்குநீரிணைக்கு அப்பாலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1996 நவம்பரில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன் நாவரசு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஒரு சிரேஷ்ட மாணவனால் கொல்லப்பட்டபின்னரே, தமிழ்நாடு தனக்கென ஒரு தடைச்சட்டத்தை ஆக்கிக்கொண்டது. துணைவேந்தரின் மகனுக்கே கிட்டாத காவல், உடையார்கட்டில் கச்சான் பிடுங்குகின்ற தாயின் மகனுக்கு எங்கிருந்து கிட்டும்?

எங்கள் வாசலுக்கு மிக அண்மையில் நிகழ்ந்ததையும் சொல்லாமல் விடலாகாது. தர்மபுரத்தையும் முரசுமோட்டையையும் கடந்து பரந்தனில் ஏ-9 வீதிக்கு ஏறி, கிளிநொச்சி நகரத்தைத் தாண்டிச் சென்றால் வருகின்ற அறிவியல் நகரைப் போர் முடிந்த பின்னர் வன்னி பெற்ற பெரும் பாக்கியங்களில் ஒன்றென்றே நாங்கள் போற்றுகின்றோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அங்கே இருக்கின்றன. 2020 பெப்ரவரியில், அந்தத் தொழில்நுட்ப பீடத்துப் புதுமுக மாணவியர் சிரேஷ்ட மாணவர்களால் தொலைபேசி வழியாகப் பாலியல் ரீதியில் துன்புறுத்தப்பட்டமை வெளியாகி நாட்டையே அதிரச் செய்தது. விடுதியின் இருட்டறையும் மாடிப்படியின் மறைவும் இனி வேண்டியதில்லை. பெண்பிள்ளை தன் வீட்டின் படுக்கையில் இருக்கும்போதே வதைப்போனின் குரல் அவளிடம் வந்துவிடுகின்றது. சோற்றை விட்டெழுந்து நின்ற என் மாணவனைக் கண்டபோது, அந்தப் பெண்பிள்ளைகளின் இரவுகளை ஓரளவுக்கேனும் ஊகிக்க என்னால் முடிந்தது.

இவை எங்கோ எப்போதோ நிகழ்ந்த தனிச் சம்பவங்கள் என்பாருக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெவ் ஸ்தாபனத்தின் துணையோடு நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வு மறுமொழி சொல்கின்றது. அரச பல்கலைக்கழக மாணவருள் பாதிக்குமேற்பட்டோர் சொல்லாலும், மூன்றிலொருவர் மனத்தை வருத்தும் முறைகளாலும், ஏறக்குறைய நான்கிலொருவர் உடல்ரீதியாகவும், ஆறிலொருவர் பாலியல் ரீதியாகவும் பகிடிவதைக்கு ஆளாகியிருக்கின்றனர். முறைப்பாடு செய்தவர்களோ மிகச் சிலர்.

பகிடிவதையை ஆதரிப்போர் எடுத்துக்கூறும் நியாயங்களுள் ஒன்றையே நான் பொருட்படுத்துகின்றேன். ஏனைய சம்பிரதாயப் பேச்சுக்களுக்கு மறுமொழி கூறுதல் வீண். பணக்காரனும் ஏழையும், பட்டணத்தானும் பட்டிக்காட்டானும் ஒரே உடையை உடுத்து, ஒரே வரிசையில் நின்று, ஒரே ஏச்சைக் கேட்பதனால் அவர்களிடையே சமத்துவம் பிறக்கின்றது என்பதே அந்த நியாயம். கேட்பதற்கு உயர்ந்த இலட்சியம் போலத் தோன்றுகின்ற இது, நடைமுறையில் எப்படியிருக்கின்றதென்பதை எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். பட்டணத்தில் வீடுள்ளவன் பின்னேரமானதும் வீட்டுக்குப் போய்விடுகின்றான். வைத்தியரின் மகனுக்கு ஒரு மாமாவோ பெரியப்பாவோ பீடத்தில் இருக்கின்றார். விடுதியிலேயே இரவும் பகலும் கிடந்து, சிரேஷ்டர் காட்டிய அறையிலே தங்கி, அவர்கள் கொடுத்த பழைய குறிப்புப் புத்தகங்களிலேயே படித்து, மஹாபொலப் புலமைப்பரிசிற் பணம் கிடைக்கும்வரை அவர்களிடமே கடன்பட்டிருக்கின்ற வன்னிப் பிள்ளைதான் முழு வதையையும் அனுபவிக்கின்றது.

அந்த வதையினுள்ளே பாரபட்சம் என்னும் விஷம் எவ்வளவு கலந்திருக்கின்றது என்பதையும் இங்கே நோக்குதல் வேண்டும். எங்கள் நாட்டின் பல்கலைக்கழகப் பிரவேசத்தில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாக ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றுமே அந்தப் பதினாறில் அடங்குவன. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமலும், ஆய்வுகூடம் இல்லாமலும், சில ஆண்டுகள் கூரையே இல்லாமலும் படித்த பிள்ளைக்கு அரசு செய்த அற்ப நியாயம் அது. ஆனால் பிள்ளை உள்ளே போனதும், "கோட்டாவில வந்தவன்" என்றும் "வன்னிக் காட்டான்" என்றும் பட்டம் சூட்டப்படுகின்றது. 1977 இன் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ, இதனினும் கொடிய வேறொரு பெயர் காத்திருக்கின்றது; அதை நான் எழுதமாட்டேன். மொழியும் இனமும் வேறானால் என்ன நிகழும் என்பதை, 2016 ஜூலை 16 அன்று, புதுமுக மாணவர் வரவேற்பு விழாவொன்றில் கண்டிய நடனம் இடம்பெறுவது பற்றி எழுந்த பிணக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் தமிழ், சிங்கள மாணவரிடையே கைகலப்பாக முடிந்தபோது கண்டோம். வரவேற்பதற்கென்று கூடிய இடத்திலேயே மண்டைகள் உடைந்தன. ஏளனப் பெயரும், நள்ளிரவுத் தொலைபேசியும், கல்லும் பொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்றே நான் கருதுகின்றேன்; மற்றொருவனை முழுமனிதனாக மதிக்கப் பழகாத மனோபாவமே அந்த வேர்.

மனோபாவத்தை மாற்றுவது கல்வியின் வேலை. ஆனால் கல்வி என்றதும் எங்கள் ஸ்தாபனங்கள் உடனே ஒரு துண்டுப்பிரசுரத்தை அச்சிட்டுவிடுகின்றன, அல்லது அறிமுக வாரத்தின் நடுவே, முன்னூறு பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி, அரைமணி நேரச் சொற்பொழிவொன்றை நிகழ்த்திவிடுகின்றன. அந்த மண்டபத்தின் வாயிலிலேயே சிரேஷ்டர்கள் காத்து நிற்பார்கள். துண்டுப்பிரசுரத்துக்கும் உண்மையான போதனைக்கும் உள்ள தூரத்தை அறிய விரும்புவோர், சார்லீன் சென் என்ற உளவியல் பேராசிரியை தம் சகாக்களோடு கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வை நோக்குவார்களாக. முதலாண்டு மாணவியர் ஏறக்குறைய 900 பேரை இரு பகுதியினராக வகுத்து, ஒரு பகுதியினருக்குப் பிரசுரங்களையும், மறு பகுதியினருக்கு, அபாயத்தை அடையாளம் காணவும், தயக்கத்தைக் கடக்கவும், வாயாலும் உடலாலும் எதிர்த்து நிற்கவும் பழக்குகின்ற பன்னிரண்டு மணி நேரப் பயிற்சியையும் அளித்தனர். ஓராண்டின் முடிவில், பிரசுரம் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருக்க, பயிற்சி பெற்றவரிடையே அத்தொகை ஏறத்தாழ ஐந்தாகக் குறைந்திருந்தது. தீங்கு செய்பவனைத் திருத்துகின்ற கடமை இதனால் நீங்கிவிடுவதில்லை. பெண்பிள்ளைகள் தாமே தம்மைக் காத்துக்கொள்க என்று கைகழுவுதற்கு இது சாக்குமாகாது. ஆனால் வெறும் பன்னிரண்டு மணி நேரம் முறையாகச் செலவிடப்பட்டால் ஒரு பெரும் துன்பம் பாதியாகும் என்பதைக் கண்டபின், அரைமணிச் சொற்பொழிவோடு திருப்தியடைய எந்தப் பீடாதிபதிக்கு மனம் வரும்?

அந்தப் போதனை சர்வகலாசாலை வாயிலில் தொடங்கினால் காலம் கடந்துவிடுகின்றது என்பது என் அனுபவம். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகத்தில் கால்வைப்பதற்கு எங்கள் பிள்ளைகள் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்கின்றார்கள். அந்த நெடிய இடைவெளியில் அவர்களை முதலில் தேடி வருபவர் அதே பாடசாலையின், அதே பிரதேசத்தின் சிரேஷ்ட மாணவர்தாம். அறை பார்த்துத் தருகின்ற அண்ணாவாக, பாடநெறியைப் பற்றி விளக்குகின்ற அக்காவாக அவர்கள் அறிமுகமாகின்றார்கள். வாட்ஸ்அப் குழுவொன்றில் பிள்ளையின் இலக்கம் சேர்க்கப்படுகின்றது. பெரும்பாலானோர் நல்லெண்ணத்தோடுதான் வருகின்றார்கள். ஆனால் அந்த நன்றிக்கடனே பின்னர் வாய்ப்பூட்டாகிவிடுகின்றது. அந்த மாதங்களில் பிள்ளை வீட்டிலே சும்மா இருக்கின்றது. பாடசாலை மண்டபமும் பின்னேரங்களில் சும்மாதான் கிடக்கின்றது. ஒவ்வொரு கிராமத்துப் பாடசாலையும், எடுபட்ட பத்துப் பதினைந்து பிள்ளைகளையும் அவர்களுடைய தாய் தந்தையரையும் சில பின்னேரங்களுக்கு அழைத்திருந்து, சட்டம் என்ன சொல்கின்றது, மாணவர் ஆலோசகரின் கடமை யாது, தொலைபேசியில் வந்த ஏச்சை அழிக்காமல் எப்படிச் சேமித்து வைப்பது, 2015 முதல் இந்நாட்டில் சாட்சிகளைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு சட்டம் இருப்பது ஏன் என்பனவற்றைச் சொல்லிக்கொடுக்க முடியாதா? அதே பாடசாலையின் சிரேஷ்ட மாணவரையும் அங்கே அழைத்து, தாயாரின் முன்னிலையில் அவர்களைப் பேசச் சொன்னால், அவர்களுள் எத்தனையோ பேர் தங்களுக்கு நேர்ந்ததை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லக்கூடும்.

ஆசிரியர்களாகிய நாங்கள் திருந்தவேண்டிய இடமும் ஒன்றுண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஓடிவந்து, "சேர், இவன் எனக்கு அடிச்சவன்" என்று சொல்லும்போது, நாற்பது பிள்ளைகளோடு மாரடித்த அலுப்பில், "கோள் சொல்லாமல் போய் இரு" என்று அதட்டியிருக்கின்றேன், ஒருமுறையல்ல, பலமுறை. அந்தப் பிள்ளை அன்று பெற்ற பாடம், தீங்கைச் சொல்பவனுக்கே தண்டனை என்பதன்றி வேறென்ன? பல ஆண்டுகளின் பின்னர் விடுதியறையில் நடுங்கி நிற்கின்ற வாலிபன் வாயைத் திறவாதிருப்பதற்கு, போரும் சிரேஷ்டரும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு அந்த அதட்டலும் காரணம் என்று இப்போது எண்ணுகின்றேன்.

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையும் நானும் கடிதமொன்றை எழுதத் தொடங்கினோம். "நான் மிகவும் அவமானப்படுத்தப்பட்டேன்" என்று அவன் ஆரம்பித்தான். அதை வெட்டிவிட்டு, எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் என்ன செய்யச் சொன்னார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். முதற்பக்கம் நிறைவதற்குள் அவனுடைய கையெழுத்து நிதானத்துக்கு வந்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் என இரண்டு சகபாடிகளின் பெயர்களை எழுதியவன், சற்று யோசித்து, "அவங்களைக் கேக்காமல் எழுதக்கூடாது சேர்" என்று அவற்றை வெட்டிவிட்டான். அது சரியென்றே எனக்கும் பட்டது. பின்பு அவன் பாயில் இருந்தபடியே இருவரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கதைத்தான். முதலாமவன் உடனே சம்மதித்தான். மற்றவன், அம்மாவிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னான். அவனுக்காகக் கடிதத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டுவைத்தோம்.